ஏரிப்பாசன ஊரில் உணவுப் பாதுகாப்பு ஆய்வு: யாரிடம், எப்போது, என்ன கேட்பது?

கொருக்குப்பேட்டை மாணவி (கேள்வி):

வணக்கம். பொருளாதாரத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு கொருக்குப்பேட்டை. ஆய்வேட்டுக்கு நான் எடுத்திருப்பது பொன்னேரி வட்டத்தில் ஒரு ஏரிப்பாசனக் கிராமம். என் அம்மா பிறந்த ஊர். சிறு விவசாயிகளின் நீர் மேலாண்மையும் உணவுப் பாதுகாப்பும் என்பது தலைப்பு. கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால் ஷேர் ஆட்டோ கிடைக்கும், அதனால் போய்வருவது சிரமமில்லை.

என் படிவத்தில் இரண்டு பகுதி. முதல் பகுதியில் நிலம் எத்தனை சென்ட், ஏரித் தண்ணீரா போர் தண்ணீரா, மோட்டார் எத்தனை குதிரைத்திறன், சம்பாவில் எத்தனை மூட்டை, அடுத்த போகமான நவரை போட்டார்களா, உரத்துக்கு என்ன செலவு என்று போகும். இரண்டாவது பகுதி, பல நாடுகளில் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஒன்பது கேள்விகள். கடந்த நான்கு வாரங்களில் சாப்பாடு போதாமல் போகுமோ என்று கவலைப்பட்டீர்களா, பிடிக்காததைச் சாப்பிட நேர்ந்ததா, வேளையைக் குறைத்தீர்களா, இரவு பசியோடு படுத்தீர்களா என்ற வரிசையில் அவை வரும்.

தை மாதக் கடைசியில் போய் முன்னோட்டமாகச் சில வீடுகளில் கேட்டுப் பார்த்தேன். பட்டாதாரர் பட்டியலைப் பார்த்து எடுத்த வீடுகள். எல்லாரும் ஒன்பது கேள்விக்கும் ஒரே பதில்: "அதெல்லாம் இல்லம்மா, ரேஷன் அரிசி இருக்குது." எல்லா வீட்டுக்கும் மதிப்பெண் பூஜ்யம். இந்த ஊரில் உணவுப் பாதுகாப்புப் பிரச்சினை இல்லை, அந்தப் பகுதியை எடுத்துவிட்டு நீர் மேலாண்மையோடு நிறுத்திக்கொள் என்று வழிகாட்டி சொல்கிறார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே ஊரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு ரத்தம் குறைவு என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு முறையும் சொல்லி மாத்திரை கொடுக்கிறார்கள். அங்கன்வாடியில் வயதுக்கேற்ற எடை இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பசி இல்லைதான், ஆனாலும் ஏதோ சரியில்லை. அதை எப்படிப் பிடிப்பது? களப்பணி செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மாதவரம் வாசகர்:

கருவி பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அந்த ஒன்பது கேள்விகளும் உணவு கைக்கு எட்டுகிறதா என்பதைத்தான் பிடிக்கும். தட்டில் என்ன இருந்தது என்பதைப் பிடிக்காது. 1996-ல் ரோமில் நடந்த உலக உணவு மாநாடு உணவுப் பாதுகாப்பை வரையறுத்தபோதே போதுமான, பாதுகாப்பான, சத்தான உணவு என்று சேர்த்துத்தான் சொன்னது. அதோடு, எல்லா நேரத்திலும் என்றும் இருக்கிறது. உங்கள் படிவத்தில் சத்தும் இல்லை, எல்லா நேரமும் இல்லை.

பெண்களுக்கான உணவுப் பன்மை அளவை ஒன்று உண்டு. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களிடம், நேற்றுக் காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டும். தானியம், பருப்பு, கொட்டை வகை, பால், மீனும் கறியும், முட்டை, கரும்பச்சைக் கீரை, மஞ்சள் ஆரஞ்சு நிறக் காய்பழம், மற்ற காய், மற்ற பழம் என்று மொத்தம் பத்து வகுப்பு. ஐந்துக்குக் குறைந்தால் அந்தப் பெண்ணுக்கு நுண்சத்துகள் போதாமல் இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் பெரியம்மாவின் ரத்தக் குறைவு ஒன்பது கேள்வியில் தெரியாது, இங்கே தெரியலாம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், அதாவது 2019-21-ல், தமிழ்நாட்டில் இந்த வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அரிசி எல்லா வீட்டுக்கும் போகிற மாநிலத்தில் இந்த எண். இதை வழிகாட்டியிடம் காட்டுங்கள், தலைப்பை மாற்றச் சொல்ல மாட்டார்.

திருவொற்றியூர் கள ஆய்வாளர்:

கண்ணு, நான் பல வருஷம் கிராமக் கணக்கெடுப்புகளில் களப்பணியாளராக வேலை செய்துவிட்டு ஓய்வு பெற்றவள். செங்கல்பட்டு, திருவள்ளூர், வட ஆற்காடு என்று வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பிய அனுபவம் உண்டு. நீ எழுதியதைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

மாதவரத்துக்காரர் சொன்ன அளவையைச் சேர்த்துக்கொள், சரிதான். ஆனால் கருவியை மாற்றினால் மட்டும் உன் சிக்கல் தீராது. நீ போனது தை மாதம், சம்பா அறுத்து நெல் வீட்டுக்கு வந்த சமயம். போன வீடுகள் பட்டா உள்ள வீடுகள். நல்ல நாளில் நல்ல வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் சாப்பிட்டோம் என்றுதான் சொல்வார்கள். ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1970களில் நம் வட ஆற்காட்டு நெல் கிராமங்களில் வேலை செய்தவர். வெளியிலிருந்து வருபவர்கள் தார் சாலையை ஒட்டிய வீட்டுக்குத்தான் போகிறார்கள், மழை இல்லாத மாதத்தில்தான் போகிறார்கள், ஆண்களிடமும் வசதியானவர்களிடமும்தான் பேசுகிறார்கள், அதனால் வறுமை கண்ணில் படாமலே திரும்பிவிடுகிறார்கள் என்று பிற்பாடு விரிவாக எழுதினார். நான் களத்தில் பார்த்தது அப்படியே அதுதான்.

உன் ஊரில் கையில் காசு வறண்டு போகும் மாதங்கள் கார்த்திகையும் மார்கழியும். நடவு முடிந்திருக்கும், களையெடுப்பும் ஓய்ந்திருக்கும், அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கும். வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்யும், சூளை வேலையும் கட்டட வேலையும் நின்றுவிடும். கூலியை நம்பிய வீட்டுக்குப் பொங்கல் வரைக்கும் பெரிய வருமானம் கிடையாது. அப்போது போய் அதே ஒன்பது கேள்வியைக் கேள். பூஜ்யம் வராது.

அடுத்து, யாரிடம் கேட்பது. இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சிறு விவசாயி என்று தலைப்பு வைத்ததால் பட்டாதாரர் பட்டியலை எடுத்தாய். நிலம் இல்லாத வீடுகள் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. பட்டியல் சாதி மக்கள் இருக்கும் காலனியும் இருளர் குடிசைகளும் அதோடு விடுபட்டுவிட்டன. ஏரித் தண்ணீர் எத்தனை ஏக்கருக்குப் பாய்கிறது என்று கணக்கெடுத்தால் அது ஆயக்கட்டில், அதாவது ஏரித் தண்ணீர் பாயும் பரப்பில், நிலம் உள்ளவரின் கணக்கு. நிலம் இல்லாதவருக்கும் அந்த ஏரியில் சாப்பாடு இருக்கிறது. ஆனால் அது மதகு வழியாக வருவதில்லை.

எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன், உன் படிவத்தில் இதற்கெல்லாம் இடம் போடு. வரப்பில் பொன்னாங்கண்ணி இருக்கும். மழை விட்டதும் தரிசில் சாரணை, மூக்கிரட்டை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை முளைக்கும். களையெடுக்கப் போகும் பெண்கள் மடியில் கொஞ்சம் பறித்துக்கொண்டு வந்து சாயங்காலம் கடைந்துவிடுவார்கள். வயல் வாய்க்காலில் நண்டு, நத்தை. தண்ணீர் வற்றும் சமயம் ஏரிக் குட்டையில் கெளுத்தி, கெண்டை, விரால். அறுத்த வயலில் எலி வளையைத் தோண்டினால் எலியும் கிடைக்கும், எலி சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். இருளர் குடும்பங்களுக்கு அது வருஷத்தில் முக்கியமான நெல். ஏரிக்கரை வேலிகாத்தான் அடுப்புக்கு. புறம்போக்கில் ஆடு மேயும், அவசரத்துக்கு ஒரு ஆட்டை விற்றால் மருத்துவச் செலவு நடக்கும். அறுவடைக் கூலி அந்த நாளில் மரக்காலில் நெல்லாக வரும், அது சில மாதம் வீட்டில் இருக்கும்.

இதில் எதற்கும் ரசீது கிடையாது. உற்பத்திப் புள்ளிவிவரத்தில் ஒரு கிலோகூட ஏறாது. ஆனால் பருப்பு வாங்கக் காசில்லாத வீட்டில் புரதமும் இரும்புச் சத்தும் வந்தது இந்த வழியில்தான். ஜோதா என்ற பொருளாதார அறிஞர் 1980களில் ஏழு மாநிலங்களின் வறண்ட பகுதிகளில் எண்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களைப் பார்த்தார், தமிழ்நாடும் அதில் உண்டு. பொது நிலத்தையும் பொது நீரையும் அதிகம் நம்பியிருப்பது ஏழை வீடுகள்தான், அந்தப் பொது இடங்களோ வேகமாகச் சுருங்கி வருகின்றன என்று காட்டினார். நம் பக்கம் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

எப்படிச் சுருங்கியது என்று பார். பெரும்பாலும் நல்ல நிர்வாகம் என்ற பெயரில்தான். ஏரி மீனை ஏலம் விட்டார்கள். பஞ்சாயத்துக்கோ துறைக்கோ வருமானம் வந்தது, குத்தகை எடுத்தவர் காவல் போட்டார், குட்டையில் கை வைத்துத் துழாவிய பிள்ளைகள் விரட்டப்பட்டார்கள். வயலில் களைக்கொல்லி வந்தது. களையெடுப்புக் கூலியும் போனது, கூடவே வரப்புக் கீரையும் போனது. அறுவடை இயந்திரம் வந்ததும் நெல் கூலி நின்றது. வயலில் சிந்திய கதிர் பொறுக்குவதும் நின்றது. புறம்போக்கில் மனையோ கிடங்கோ வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்வார்கள், ஏரி முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று அறிக்கையும் வரும். அந்த அறிக்கை பொய்யில்லை. அது பாதி ஊரைப் பற்றியது.

எலினோர் ஆஸ்ட்ரம் பெயரை உன் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். பொதுவளத்தை ஊர் மக்களே விதி வைத்துக் காப்பாற்ற முடியும், எல்லாவற்றுக்கும் அரசோ தனியாரோ வேண்டியதில்லை என்று உலகெங்கும் இருந்து எடுத்துக்காட்டுகளைச் சேர்த்துக் காட்டியவர். 2009-ல் பொருளாதார நோபல் வாங்கினார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். அவர் சொன்ன முதல் விதியே இந்த வளம் யார் யாருக்கு உரியது என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்பது. நம் ஊர்களில் அந்த எல்லைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது சாதியும் நிலமும். 2000-ல் வந்த தமிழ்நாட்டுப் பாசன முறை விவசாயிகள் மேலாண்மைச் சட்டப்படி ஏற்பட்ட நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில்கூட நிலத்தை வைத்துத்தான் இடம். கீரை பறிப்பவளுக்கு, ஆடு மேய்ப்பவருக்கு அங்கே குரல் இல்லை. ஆஸ்ட்ரத்தை மேற்கோள் காட்டும்போது இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேள்: எல்லைக்கு வெளியே நிற்பவர் யார், அவர் எதைச் சாப்பிடுகிறார்?

நிலம் ஏன் அப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பதற்கும் உன் ஊரிலேயே வரலாறு இருக்கிறது. பொன்னேரி அந்த நாளில் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. அந்த மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையிலிருந்துதான், பட்டியல் சாதி மக்களுக்கு நிலம் ஒதுக்கும் 1892 உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றைக்குப் பேசுகிறோமே, அதுதான். அந்த நிலத்தில் எவ்வளவு இன்று உரியவர் கையில் இருக்கிறது என்று ஊரில் விசாரி. எச்சரிக்கையாக விசாரி, ஆனால் விட்டுவிடாதே.

ரேஷன் அரிசி பற்றியும் ஒரு வார்த்தை. "ரேஷன் அரிசி இருக்குது" என்று அவர்கள் சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், உணவு அடியோடு இல்லாமல் போனதால் அத்தனை பேர் சாகவில்லை, வாங்கும் சக்தி போன விவசாயக் கூலிகளும் மீனவர்களும் கைவினைஞர்களும்தான் செத்தார்கள் என்று காட்டினார். வேலை இல்லாத மாதத்திலும் சோறு உண்டு என்ற உறுதியை நம் மாநிலம் கொடுத்திருக்கிறது. 2011 ஜூன் 1 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, துவரம் பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் கிடைக்கின்றன. கார்த்திகை மாதத்தில் கூழுக்கு அலைந்த கதையை என் அம்மா தலைமுறைப் பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், அது போய்விட்டது. உன் பூஜ்யத்தில் இந்த வெற்றியும் இருக்கிறது என்று ஆய்வேட்டில் எழுது. ஆனால் கடையில் கிடைப்பது அரிசியும் ஒரு கிலோ பருப்பும். முன்பு ஏரியும் வயலும் கொடுத்த மிச்சத்தை இப்போது காசு கொடுத்து வாங்க வேண்டும். காசு இல்லாத மாதத்தில் அது தட்டில் இருக்காது. சோற்றுக்குப் பஞ்சமில்லை, ரத்தம் மட்டும் குறைவு என்கிற நிலை இப்படித்தான் வருகிறது.

கடைசியாக ஒன்று. வீட்டு ஆண்களை வைத்துக்கொண்டு சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே. செங்கல்பட்டு மாவட்ட நெல் கிராமங்களில் நெடுங்காலம் ஆய்வு செய்த ஜோன் மென்ச்சர், கூலிப் பெண்கள் தாங்கள் சம்பாதிப்பதில் ஆண்களைவிடப் பெரிய பங்கை வீட்டுக்குக் கொடுக்கிறார்கள் என்று கணக்கோடு காட்டியிருக்கிறார். கொடுப்பதில் முதலாக நிற்கும் அதே பெண்தான் சாப்பிடுவதில் கடைசி. குழம்பில் மீன் துண்டு யாருக்குப் போனது, முட்டை யாருக்கு, கடைசியாகச் சாப்பிட்டவர் யார் என்று அடுப்படியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள முடியும். நேராகக் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள், கூட உட்கார்ந்து கீரை ஆய்ந்தால் தானே பேச்சு வரும்.

மீஞ்சூர் பக்கத்து விவசாயி:

அக்கா சொன்னதில் பெரும்பகுதி உண்மை. ஒரு இடத்தில் மட்டும் எனக்கு மன வருத்தம். களைக்கொல்லி அடித்த நாங்கள் ஏதோ அடுத்தவர் வாயில் மண் போட்ட மாதிரி ஆகிவிட்டது. எனக்கு இருப்பது ஒரு காணிக்கும் குறைவு. களையெடுப்புக்கு ஆள் கூப்பிட்டால் வருபவர்கள் குறைவு. வயதான பெண்கள்தான் மிச்சம், இளம் வயதுக்காரர்கள் எல்லாம் கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். வந்தவர்களுக்குக் கூலி கொடுத்தால் மூட்டை விலையில் எனக்கு ஒன்றும் நிற்காது. சம்பாவில் வீட்டுக்கு நெல் வைத்துக்கொண்டால் கடனுக்கு என்ன செய்வது? கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு நாங்களும் ரேஷன் அரிசிதான் சாப்பிடுகிறோம். அதனால் தங்கச்சி, நிலம் உள்ளவர் வீட்டிலும் தட்டைப் பார். பட்டா இருப்பதால் வயிறு நிறைந்துவிட்டது என்று எழுதிவிடாதே.

எங்கள் பக்கத்துத் தண்ணீர்க் கதையும் உன் ஆய்வில் வர வேண்டும். 1960களின் கடைசியில் ஐ.நா. உதவியோடு ஆரணியாறு கொசஸ்தலையாறு படுகையில் நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். நல்ல ஊற்று என்று தெரிந்ததும் சென்னைக் குடிநீருக்கும் மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், பூண்டி என்று கிணற்றுத் தொகுதிகள் போட்டு இறைத்தார்கள். நாங்களும் வயலுக்கு இறைத்தோம். கடல் பக்கத்திலேயே இருக்கிறது, நல்ல தண்ணீர் விட்ட இடத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. 1987-ல் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் போட்டார்கள். அதற்குள் எங்கள் கிணறு கெட்டுவிட்டது. அப்பா காலத்தில் சம்பாவுக்குப் பிறகு பச்சைப்பயறு விதைத்து, வருஷம் பூராவும் வீட்டுப் பயறு சாப்பிட்ட நிலம். இப்போது மழைத் தண்ணீர் நிற்கும்வரை ஒரு போகம், அவ்வளவுதான். 2010-ல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அந்தத் தண்ணீர் குழாயில் வடசென்னைக்குப் போகிறது. போகட்டும், அங்கேயும் நம் ஜனம்தான். எங்கள் நிலத்தடி உப்புக்கு மட்டும் வழி பிறக்கவில்லை.

பூண்டி, தாமரைப்பாக்கம் பக்கம் வறட்சி வந்தால் விவசாயிகள் கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வாரியத்துக்கு விற்றார்கள். 2019-லும் அது நடந்தது. விற்றவருக்குக் கைமேல் காசு. பக்கத்துக் கிணறு வற்றிய விவசாயிக்கும், அந்த வயலில் நடவு வேலை போன பெண்களுக்கும் ஒன்றும் இல்லை. உன் ஊரில் அப்படி நடந்ததா என்று கேள். யாரும் முதல் நாளே சொல்ல மாட்டார்கள்.

கொருக்குப்பேட்டை மாணவி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ராத்திரி பெரியம்மாவுக்கு போன் செய்து, அந்தக் காலத்தில் ஏரியிலிருந்து வீட்டுக்கு என்னென்ன வரும் என்று கேட்டேன். அக்கா எழுதியதைவிட நீளமாகச் சொன்னார். கொட்டிக்கிழங்கு, அல்லித்தண்டு எல்லாம் சொன்னார். கொட்டிக்கிழங்கு என்றால் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. இப்போது யார் எடுக்கிறார்கள் என்றால், "யாரும் போறதில்ல, மீனு குத்தகைக்காரன் உள்ள விடமாட்டான்" என்றார்.

ஆனால் நடைமுறையில் எனக்கு இரண்டு கவலை. ஒன்று, வழிகாட்டிக்கு மாதிரி அளவு பெரிதாக வேண்டும். இப்படி அடுப்படியில் உட்கார்ந்து பேசினால் எத்தனை வீடு முடியும்? இரண்டு, ஆய்வேட்டைச் சித்திரையில் கொடுத்தாக வேண்டும். கார்த்திகை மாதம் எனக்குக் கிடைக்காது. இப்போது மாசி நடக்கிறது.

திருவொற்றியூர் கள ஆய்வாளர்:

மீஞ்சூர் தம்பி, உங்கள் வருத்தம் நியாயமானது. குறுநில விவசாயியைக் குற்றவாளியாக நிறுத்துவது என் நோக்கம் இல்லை. நெல்லுக்குக் கிடைக்கும் விலை கூலிக்குப் போதாதபோது நீங்களும் அந்தப் பெண்களும் ஒரே நெருக்கடியில்தான் இருக்கிறீர்கள். கண்ணு, இதையே ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமாக வை: களைக்கொல்லியால் விவசாயிக்கு மிச்சமான ரூபாய் எவ்வளவு, அதே பருவத்தில் கூலி வீட்டுக்குக் குறைந்த ரூபாய் எவ்வளவு, கீரைக்குப் பதில் கடையில் வாங்கியது என்ன. இரண்டு வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டு. தம்பி சொன்ன பச்சைப்பயறையும் சேர். நெல் மூட்டையை மட்டும் எண்ணினால் பயறு போனது யாருக்கும் தெரியாது.

மாதிரி அளவுக்கு வழி இருக்கிறது. முதலில் ஊர் முழுக்க எல்லா வீட்டையும் ஒரு சிறு பட்டியலாக எடு. நிலம் உண்டா, குத்தகையா, கூலியா, ஆடுமாடு உண்டா, ரேஷன் அட்டை உண்டா, அவ்வளவு போதும், வீட்டுக்குச் சில நிமிஷம். அட்டை இல்லாத வீடு ஒன்றாவது கிடைக்கும் பார், பெரும்பாலும் இருளர் வீடாக இருக்கும். அந்தப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு வகைக்கும் சம அளவு வீடுகளைக் குலுக்கி எடுத்து, ஒன்பது கேள்வியும் பத்து வகுப்பும் கேள். அடுப்படிப் பேச்சு அதிலும் சில வீடுகளுக்கு மட்டும். எண்ணும் கிடைக்கும், காரணமும் கிடைக்கும். பட்டாதாரர் பட்டியலை மட்டும் தூக்கிப் போட்டுவிடு.

கார்த்திகை கிடைக்காவிட்டால் நினைவைத்தான் நம்ப வேண்டும், அதற்கும் முறை உண்டு. பன்னிரண்டு மாதத்தையும் தரையில் கோடு போட்டுக் கட்டமாக்கு, தமிழ் மாதப் பெயரிலேயே. புளியங்கொட்டையைப் பெண்கள் கையில் கொடு. வேலை நிறைய இருந்த மாதத்தில் நிறையக் கொட்டை, இல்லாத மாதத்தில் குறைவு. அடுத்த வரிசையில் கடன், அதற்கு அடுத்து கீரை, மீன், முட்டை, பால். போன தீபாவளி, கார்த்திகை தீபம், பொங்கல் என்று நாளைப் பிடித்துக் கேட்டால் நன்றாகவே நினைவு சொல்வார்கள். காலனியில் ஒரு தடவை, ஊருக்குள் ஒரு தடவை என்று தனித்தனியாகச் செய். கூட்டிச் சேர்த்து ஒரே இடத்தில் உட்கார வைத்தால் பேசுபவர்கள் ஒரு பக்கம்தான் இருப்பார்கள். வேலை முடிந்து வந்த சாயங்காலத்தில் போ. கூலி நாளைக் கெடுத்து யாரையும் உட்கார வைக்காதே. கட்டங்களைப் படம் எடுத்து அப்படியே ஆய்வேட்டில் சேர்க்கலாம். ஆனால் நினைவிலிருந்து எடுத்த தரவு என்று தெளிவாக எழுதிவிடு, ஒன்பது கேள்வியின் மதிப்பெண்ணோடு அதைக் கலக்காதே.

ஆய்வேடு முடிந்ததும் ஒரு பிரதியை ஊரில் கொடுத்துவிட்டு வா, பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒன்று, காலனியில் படித்த பிள்ளை யாரிடமாவது ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் மாணவர்களை வைத்துக் கிராமங்களைக் கணக்கெடுத்தார். இருவேல்பட்டு போன்ற அந்த ஊர்களுக்கு 1930களில் மறுபடியும் போனார்கள், அதற்குப் பிறகும் போனார்கள். பழைய கணக்கு கையில் இருந்ததால்தான் என்ன மாறியது என்று சொல்ல முடிந்தது. உன் பெரியம்மா போனில் சொன்னாரே, அந்தப் பட்டியலைத் தேதி போட்டு முழுசாக எழுதி வை. கொட்டிக்கிழங்கு, அல்லித்தண்டு எல்லாம், எந்த மாதம், யார் எடுத்தார்கள், எப்படிச் சமைத்தார்கள், எப்போது நின்றது என்பது வரைக்கும். உன் முதல் தரவு அதுதான்.

படிவத்தைத் திருத்தியதும் இங்கேயே போடு, பார்த்துச் சொல்கிறேன். மாசி போவதற்குள் வீட்டுப் பட்டியலை முடித்துவிடு. பங்குனியில் பெண்கள் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள், தரையில் கோடு போடும் வேலையை அப்போது வைத்துக்கொள்.